அன்றீக்கே அன்றீக்கசு

அன்றீக்கே அன்றீக்கசு (சுமார் 1520 – 1600) என்பவர் போர்த்துகல் நாட்டில் பிறந்து, தூத்துக்குடியை உள்ளடக்கிய முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த இயேசு சபைத் துறவியும் தமிழறிஞரும் ஆவார். தமிழ் எழுத்துக்களில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் மிகப் பழையதான தம்பிரான் வணக்கம் (1578) இவரது மொழிபெயர்ப்பாகும். தமிழைக் கற்க விரும்பிய ஐரோப்பியருக்காக ஓர் இலக்கண நூலையும் எழுதினார். தமிழ் அச்சுக்கலையின் தந்தை என்று அறியப்படும் இவரைத் தமிழ்நாட்டில் அண்டிரிக் அடிகளார் என்றும் அழைப்பர்.

பிறப்பும் இளமையும்

அன்றீக்கசு போர்த்துகலின் விலா விசோசா என்னும் ஊரில் யூத மரபுவழிக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். முதலில் பிரான்சிசுக்கன் சபையில் சேர்ந்தார். ஆனால் யூத வழித்தோன்றல் என்ற காரணத்தால் அங்கிருந்து விலக நேர்ந்தது. பின்னர் கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றார். 1545 ஆம் ஆண்டு இயேசு சபையில் இணைந்தார். 1546 இல் கோவாவுக்கும், அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறைக்கும் வந்து சேர்ந்தார். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு ஆகியவை இக்கடற்கரையின் முதன்மையான ஊர்கள் ஆகும். இவற்றுள் தாமிரபரணியின் கழிமுகத்தில் அமைந்த புன்னைக்காயலே இவரது பணியின் மையமாக விளங்கியது.

தமிழ் கற்றல்

இக்கடற்கரையின் பரதவர் 1530களின் இடைப்பகுதியில் பெருந்திரளாகக் கிறித்தவத்தைத் தழுவியிருந்தனர். 1542 இல் இங்கு வந்த பிரான்சிசு சவேரியார் உள்ளூர்த் துணைவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கினார். குருக்கள் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரை நம்பியே மக்களிடம் பேசினர். சொன்னது ஒன்றாகவும் மக்களைச் சென்றடைந்தது வேறொன்றாகவும் இருந்தால் அதை அறிந்துகொள்ள அவர்களுக்கு வழி இல்லை. இந்நிலையை மாற்ற முனைந்த அன்றீக்கசு, இரவு பகலாக முயன்று தமிழைப் பேசவும் படிக்கவும் எழுதவும் கற்றார். தமிழில் தேர்ச்சி பெற்ற பின் பழைய மொழிபெயர்ப்புகளில் இருந்த பிழைகளைத் திருத்தினார்.

தாம் கற்றதைப் பின்வருவோரும் கற்க வேண்டும் என்பதற்காகப் பெயர்ச்சொற்களின் வேற்றுமைகளையும் வினைச்சொற்களின் காலங்களையும் ஒழுங்குபடுத்திப் போர்த்துக்கீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். ஆர்த்தே த லிங்குவா மலபார் எனப்படும் இந்நூல் இலத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தைப் பின்பற்றியது. தமிழின் இயல்பு அச்சட்டகத்துக்குள் முழுமையாக அடங்காத இடங்கள் அதில் உண்டு. எனினும் தொல்காப்பியமும் நன்னூலும் செய்யாத ஒன்றை இது செய்கிறது. 16 ஆம் நூற்றாண்டில் கடற்கரை மக்கள் பேசிய தமிழ் எவ்வாறு இருந்தது என்பதை இந்நூல் நமக்குக் காட்டுகிறது.

பணிப் பொறுப்பு

1549 ஆம் ஆண்டு இராமேசுவரத்திற்கு அருகிலுள்ள வேதாளையில் நடந்த தாக்குதலில் பணித்தளத் தலைவர் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். அவருக்குப் பின் அன்றீக்கசு அப்பொறுப்பை ஏற்று 1576 வரை தொடர்ந்தார். அக்காலத்தில் முத்து வளத்திற்காகவும் கடல் வணிகத்திற்காகவும் பல அரசுகளும் வணிகக் குழுக்களும் இக்கரையில் மோதிக்கொண்டன. 1553 இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது அங்கிருந்த போர்த்துக்கீசருடன் இவரும் சிறைப்பட்டார். விடுதலையான பின்னரும் இக்கரையிலேயே பணியைத் தொடர்ந்தார்.

ஒவ்வோர் ஊரிலும் செபங்களைக் கற்பிக்கக் கணக்கப்பிள்ளை எனப்பட்ட உள்ளூர் ஆசிரியர் ஒருவர் இருந்தார். குருக்கள் சிலரே இருந்ததால், ஊர்தோறும் அன்றாடக் கல்வி இவர்கள் வழியாகவே நடைபெற்றது. ஓலையில் படியெடுத்த பாடம் ஊருக்கு ஊர் மாறுபடக்கூடியது. அச்சிட்ட நூல் அனைவர் கையிலும் ஒரே பாடத்தைக் கொடுக்கும். அச்சு நூல்களின் தேவை இங்கிருந்தே எழுந்தது.

அச்சு நூல்கள்

1554 ஆம் ஆண்டு லிசுபனில் ஒரு தமிழ்ச் செப நூல் அச்சாகியிருந்தது. ஆனால் அதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்துக்களிலேயே இருந்தன. 1556 இல் கோவாவுக்கு அச்சு இயந்திரம் வந்தது. எனினும் தமிழ் அச்செழுத்துக்கள் உருவாக மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

1575 இல் கோவாவுக்கு அருகில் கூடிய இயேசு சபைப் பேரவை, தமிழில் நூல்கள் உருவாக்க முடிவு செய்தது. மறுஆண்டு தலைமைப் பொறுப்பிலிருந்து விடுபட்ட அன்றீக்கசு, தமது ஐம்பதாம் வயதைக் கடந்த பின் நூற்பணியில் முழுமையாக ஈடுபட்டார். யோவான் கொன்சால்வசு என்னும் எசுப்பானியச் சகோதரர் 1577 இல் கோவாவிலும், யோவான் தெ பாரியா என்னும் குரு 1578 இல் கொல்லத்திலும் தமிழ் அச்செழுத்துக்களை உருவாக்கினர். அச்சுச் செலவுக்கு முத்துக்குளித்துறைப் பரதவர் பொருளுதவி செய்தனர். இவரது முதல் அச்சு நூல்கள் மேற்குக் கரையில் இருந்த இயேசு சபைக் கல்லூரிகளில் அச்சிடப்பட்டன. அறியப்பட்ட நூல்கள் வருமாறு:

தம்பிரான் வணக்கம்: கொல்லம், அக்டோபர் 20, 1578. 16 பக்கங்கள். மனுவேல் தெ சான் பெத்ரோ என்னும் குருவும் மொழிபெயர்ப்பில் பங்கு கொண்டார்.

கிரீசித்தியானி வணக்கம்: கொச்சி, நவம்பர் 14, 1579. மார்க்கோசு ஜோர்ஜ் என்பவரின் வினாவிடை வடிவ நூலின் தமிழாக்கம்.

கொம்பெசியொனாயரு: கொச்சி, 1580. பாவ மன்னிப்புப் பெறுவதற்கான வழிகாட்டி.

அடியார் வரலாறு: 1586. புனிதர்களின் வாழ்க்கைகளைக் கூறும் 600க்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட பெருநூல். இது அச்சான இடம் புன்னைக்காயல் என்றும் கொச்சி என்றும் இருவேறு கருத்துக்கள் உள்ளன.

எழுத்து அமைப்பும் தகவல் தொழில்நுட்பமும்

ஓலையில் எழுதுபவருக்கு எழுத்துக்களின் எண்ணிக்கை ஒரு சிக்கல் அன்று. அச்சுக்கோப்பவருக்கு அது பெருஞ்சிக்கல் ஆகும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துக்களுக்கும் தனித்தனி அச்சு வார்ப்பது பெருஞ்செலவு. ஆகவே பிரிக்கக்கூடியவற்றைப் பிரிக்க வேண்டியிருந்தது. கொம்பு, கால் போன்ற குறிகளைத் தனி அச்சாக்கினால் அவற்றை எல்லா மெய்களுடனும் மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். கு, கூ போல உடலோடு ஒட்டிய வடிவங்களைத் தனியாகவே வார்க்க வேண்டும். சிறு கூறுகளை ஒருமுறை செய்து பல இடங்களில் பயன்படுத்துதல் என்னும் இக்கொள்கை, இன்றைய மென்பொருள் கட்டமைப்பின் அடிப்படைகளுள் ஒன்றாகவும் உள்ளது.

அன்றைய ஓலை வழக்கத்தை ஒட்டி இந்நூல்களில் மெய்யெழுத்துக்கு மேல் புள்ளி இடப்படவில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படவில்லை. சரியான ஒலியைப் படிப்பவர் இடம் நோக்கி உணர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. மனிதர் இதை எளிதில் செய்வர். கணினிக்கு அது எளிதன்று.

வங்கி, துறைமுகம், மருத்துவமனை போன்ற நிறுவனங்களுக்கான மென்பொருட்களில் தரவைச் சேமிக்கும் அடுக்கு, விதிகளைச் செயற்படுத்தும் அடுக்கு, திரையில் காட்டும் அடுக்கு எனப் பிரித்து அமைப்பது வழக்கம். ஈய அச்சில் சேமிப்பும் காட்சியும் ஒன்றே. கொ என்பதற்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று அச்சுக்களைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கோக்க வேண்டும். 1991 முதல் தமிழையும் உள்ளடக்கிய ஒருங்குறி இவ்விரண்டையும் பிரித்தது. அதில் ககரம் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் ஒலி வரிசையில் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. இருந்தும் பழைய சிக்கலின் நிழல் இன்றும் உள்ளது. ஒகரக் குறியை ஒரே குறியாகவும், கொம்பு, கால் என இரு குறிகளாகவும் ஒருங்குறியில் உள்ளிட முடியும். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். சேமிக்கும் முன் இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத மென்பொருளில், கொற்கை என்று தேடினால் அதே ஊர்ப்பெயர் உள்ள பதிவு கிடைக்காமல் போகலாம். ஒருவரின் பெயர் பதிவேட்டில் இருந்தும் இல்லாததாகிவிடும்.

மறைவும் மரபும்

அன்றீக்கசு 1600 ஆம் ஆண்டு புன்னைக்காயலில் காலமானார். அவரது உடல் தூத்துக்குடி பனிமய மாதா ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் தொடங்கிய அச்சுப்பணிக்குத் தொடர்ச்சி அமையவில்லை. 1679 இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகரமுதலி அச்சானபோது எழுத்துக்கள் புதிதாகச் செதுக்கப்பட்டன. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் நிறுவியபோது எழுத்துக்கள் செர்மனியின் ஆலெ நகரில் மீண்டும் புதிதாக உருவாயின. ஒவ்வொரு முறையும் வேலை முதலிலிருந்தே தொடங்கியது. பேணுவாரின்றி விடப்படும் தொழில்நுட்பம் எவ்வளவு சிறந்ததாயினும் அடுத்த தலைமுறையைச் சென்றடையாது என்பதற்கு இது சான்றாகும்.

நூல்களும் ஏறத்தாழ மறைந்துபோயின. தம்பிரான் வணக்கத்தின் படி ஒன்று ஆர்வர்டு பல்கலைக்கழகத்திலும், அடியார் வரலாற்றின் படி ஒன்று வத்திக்கான் நூலகத்திலும் உள்ளன. இலக்கணத்தின் கையெழுத்துப்படி லிசுபன் தேசிய நூலகத்தில் உள்ளது. 1954 இல் சேவியர் தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் தேடி இவற்றைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1967 இல் அடியார் வரலாற்றை ச. இராசமாணிக்கம் அடிகள் பதிப்பித்தார். அதை வெளியிட்டது தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் ஆகும். இலக்கணத்தை 1982 இல் ஆன்சு பெர்மீர் பதிப்பித்தார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை ஜீன் ஐன், வி. எசு. ராஜம் ஆகியோர் 2013 இல் வெளியிட்டனர். இவ்வாறு, முத்துக்குளித்துறை மக்களுக்காக எழுதப்பட்ட பெருநூல் 381 ஆண்டுகளுக்குப் பின் அதே கரையிலிருந்து மீண்டும் வெளிவந்தது குறிப்பிடத்தக்கது.