ஒரு குப்பியின் குற்றம்

1896ஆம் ஆண்டில் பம்பாய் நகரைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் பற்றிக்கொண்டது. மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு வெளியேறினர். அவ்வேளையில் அரசின் அழைப்பை ஏற்று அங்கு வந்தவர் வால்டெமர் ஹாஃப்கின். 1860இல் ஒடெஸ்ஸா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். பாரிசிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் காலராத் தடுப்பூசியை உருவாக்கியவர். 1893 முதல் இந்தியாவில் அதனைப் பரப்பி வந்தவர்.

கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் தரப்பட்டது. ஓர் எழுத்தரும் மூன்று ஏவலருமே உதவிக்கு இருந்தனர். இறைச்சிச்சாறு நிரம்பிய குடுவைகளில் சில துளி நெய்யை மிதக்கவிட்டார். அந்நெய்க்கு அடியில் பிளேக் நுண்ணுயிர்கள் ஆலம் விழுதுகள்போல் தொங்கி வளர்ந்தன. அவற்றை வெப்பத்தால் கொன்று மருந்தாக்கினார். 1897 சனவரி 10ஆம் நாள் முதல் ஊசியைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். பின்னர் பைகுல்லாச் சிறையில் நோய் தோன்றியபோது, முன்வந்த கைதிகளுக்கு ஊசியிட்டு, ஊசி இடாதோருடன் அவர்களை ஒப்பிட்டு எண்ணிக்கைகளைப் பதிந்தார். மருந்தைச் செய்வதோடு பணி முடிவதில்லை; ஒரே கூரையின்கீழ் வாழும் இரு சாராரையும் எண்ணிப் பார்த்தே அதன் பயனை உறுதிசெய்ய இயலும். காலராவிலும் அவர் கையாண்ட வழி இதுவே.

1899இல் ஆய்வகம் பரேலில் இருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு மாறியது. அங்கிருந்து இலட்சக்கணக்கானோர்க்கு மருந்து சென்றது.

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாப் மாகாணத்தின் முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அவர்களுள் 19 பேர் இரணஜன்னி கண்டு இறந்தனர். பத்தொன்பதின்மரும் ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்றவர்கள். ஏனைய 88 பேருக்குத் தீங்கு நேரவில்லை. ஊசி என்றாலே மக்கள் அஞ்சத் தொடங்கினர். மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்க்கும் முறையை விடுத்து, வெப்பத்தை மட்டும் நம்பும் முறைக்கு ஹாஃப்கின் மாறியிருந்தார். விசாரணைக் குழு அதனைச் சுட்டிக்காட்டி, நச்சு ஆய்வகத்திலேயே கலந்தது எனக் கருதியது. அவர் பதவியை இழந்து நாட்டைவிட்டு நீங்கினார்.

சாட்சியங்களோ வேறு கதை கூறின. குப்பியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்திருந்தது. முறையாகத் தூய்மை செய்யப்படாத அவ்விடுக்கியாலேயே குப்பியின் அடைப்பு நீக்கப்பட்டது. இரணஜன்னி நுண்ணுயிர் மண்ணில் வாழ்வது என்பதை அறிந்தோர்க்கு இது சிறு செய்தியன்று. மேலும், அந்நுண்ணுயிர் பல நாள் வளர்ந்த குப்பியில் கடும் நாற்றம் எழும். திறந்தபோது அத்தகைய நாற்றம் ஏதும் இல்லை. இலண்டனின் லிஸ்டர் நிறுவனமும் நச்சு கலந்தது திறந்த வேளையிலேயே என்னும் முடிவுக்கு வந்தது. இருந்தும் நீதி விரைந்து வரவில்லை. மலேரியா ஆய்வால் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் முன்னின்று வாதிட்டார். 1907இல் அவரும் ஒன்பது அறிஞர்களும் கையொப்பமிட்ட மடல் இலண்டன் நாளிதழில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே பழி நீங்கிற்று.

ஹாஃப்கின் மீண்டும் இந்தியா வந்தார். ஆனால், பரேல் ஆய்வகத்தின் தலைமைப் பொறுப்பில் அப்போது வேறொருவர் இருந்தார். எனவே, ஓய்வுபெறும்வரை கல்கத்தாவிலேயே பணிபுரிந்தார். 1925இல் பரேல் ஆய்வகத்திற்கு ஹாஃப்கின் நிறுவனம் எனப் பெயர் சூட்டப்பட்டது. அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின்னர் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் அவர் காலமானார்.