தமிழில் மருத்துவம் எழுதிய கிறீன்

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். மருத்துவம் பயின்ற அவர், 1847ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனின் மருத்துவராக இலங்கையின் யாழ்ப்பாணத்திற்கு வந்தார். அடுத்த ஆண்டில் மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார்.

தொடக்கத்தில் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க வேலையை நாடி ஊரைவிட்டுச் செல்லும் நிலை இருந்தது. அப்படியானால், கிராமத்து நோயாளிகளைக் கவனிப்பவர் யார்? தமிழில் கற்றவரே தம் மக்களோடு தங்குவார் எனக் கிறீன் முடிவு செய்தார். 1864ஆம் ஆண்டு முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்.

ஆனால், பாடநூல்கள் தமிழில் வேண்டுமே! கிறீன் தமிழை முயன்று கற்றிருந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் ஆங்கில மருத்துவ நூல்களை மொழிபெயர்த்தனர். கலைச்சொற்களை முதலில் தமிழிலும் அடுத்து வடமொழியிலும் தேடினர். இரண்டிலும் கிடைக்காதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதினர். உடற்கூற்றியலுக்கு ‘அங்காதிபாதம்’ என்றும் வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றும் பெயரிட்டனர். கலைச்சொல் பட்டியல்களும் வெளிவந்தன.

1867இல் ‘இரண வைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875இல் ‘கெமிஸ்தம்’ எனப் பல நூல்கள் அச்சேறின. இவை அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 4,500 பக்கங்கள் ஆகும்.

உடல்நலம் குன்றியதால் 1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். எனினும், அங்கிருந்தபடியே தமிழ் நூல் பணியைத் தொடர்ந்தார். அவரிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். 1884ஆம் ஆண்டு அவர் மறைந்தார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் எனத் தம் கல்லறையில் பொறிக்கப்பட வேண்டும் என்பது அவரது விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

நோயாளிக்குப் புரியாத மருத்துவக் குறிப்பு அவருக்கு முழுப்பயன் தராது. இன்று பாக்கார் ஆராங்கில் ஒரு மாணவர், மருந்துப் புட்டியில் உள்ள குறிப்பைப் படித்து, எத்தனை வேளை, உணவுக்கு முன்னா பின்னா எனத் தம் பாட்டிக்குப் பிழையின்றித் தமிழில் எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்வதும் கிறீன் தொடங்கிய பணியின் ஒரு சிறு பகுதியே. மருத்துவ அறிவும் மொழித்திறனும் கொண்டவர்களுக்கு அப்பணி இன்றும் காத்திருக்கிறது.