சிம்லாவில் உட்கார்ந்து பசிபிக்கைப் பார்த்தவர்

ஈசிஇ பசங்களுக்கு யூல்-வாக்கர் சமன்பாடு தெரிந்திருக்கும். டிஎஸ்பி பாடத்தில் வந்து உயிரை வாங்கும். அந்த வாக்கர் யார் என்று எப்போதாவது தேடிப் பார்த்திருக்கீங்களா? அவர் சிக்னல் ஆளே கிடையாது. இந்தியாவின் மழையைக் கணிக்க வந்தவர். பெயர் சர் கில்பர்ட் வாக்கர்.

1868-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் பிறந்தார். 1889-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம். பூமராங் வீசுவதில் பைத்தியம்; அது ஏன் திரும்பி வருகிறது என்று கணக்குப் போட்டு கட்டுரையே எழுதினார். வானிலை மட்டும் அவர் படிக்காத விஷயம். அப்படிப்பட்டவரைத்தான் 1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக்கி சிம்லாவில் உட்கார வைத்தார்கள்.

ஏன்? பதில் நம்ம ஊரிலேயே இருக்கு. தாது வருஷப் பஞ்சம் என்று தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று, அப்போது நாமக்கல்லும் அதற்குள்தான். (மழை மட்டும் காரணமில்லை. இங்கே மக்கள் சாகும்போது தானியம் கப்பலேறிப் போனது, அது தனிக் கதை.) அதன்பிறகு பிளான்ஃபோர்டு என்ற அதிகாரி இமயமலைப் பனியின் அளவை வைத்துப் பருவமழையைக் கணிக்க ஆரம்பித்தார். 1899-ல் மறுபடி பெரிய வறட்சி, மறுபடி பஞ்சம். பனியை மட்டும் நம்பினால் ஆகாது என்று தெரிந்துபோனது.

வாக்கர் வேறு வழியில் போனார். மழை ஏன் வருகிறது என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, எது எதோடு சேர்ந்து மாறுகிறது என்று மட்டும் பார்த்தார். உலகம் முழுக்க இருந்த நிலையங்களின் காற்றழுத்தம், வெப்பநிலை, மழை எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றோடொன்று ஒப்பிட்டார். கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் இந்திய குமாஸ்தாக்கள் பேப்பரிலும் பேனாவிலும் போட்ட கணக்கு. அவர்கள் பெயர் எந்தச் சமன்பாட்டிலும் இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இதில் அவர் செய்த ஒரு விஷயம் செம. நூறு ஜோடி டேட்டாவை ஒப்பிட்டால் சும்மா தற்செயலாகவே சில ஜோடி நன்றாகப் பொருந்தும், அதை நம்பி ஏமாறாதீர்கள் என்று 1914-லேயே எழுதி, அதற்கு ஓர் அளவுகோலும் கொடுத்தார். ஃபைனல் இயர் புராஜெக்டில் மெஷின் லேர்னிங் பண்றவங்க கவனிக்க.

இடையில் ஒரு சின்ன வேலை. 1913 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, அங்கே வேலை பார்த்த ஒரு குமாஸ்தாவின் கணக்கு நோட்டை அவரிடம் காட்டினார்கள். இந்தப் பிரிவு என்னுடையது அல்ல, ஆனாலும் இவரை விட்டுவிடாதீர்கள் என்கிற மாதிரி பல்கலைக்கழகத்துக்கு வாக்கர் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்தக் குமாஸ்தா ஈரோட்டில் பிறந்து, நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கும்பிட்ட ராமானுஜன்.

1924 வாக்கில் கணக்கெல்லாம் ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தது. பசிபிக்கில் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. இங்கே ஏறினால் அங்கே இறங்குகிறது. ஒரு சீசா பலகை மாதிரி. அதற்கு சதர்ன் ஆசிலேஷன் என்று பெயர் வைத்தார். ஐரோப்பாவின் குளிர்காலத்தை ஆட்டிவைக்கும் வட அட்லாண்டிக் அலைவையும் அவர்தான் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார். அந்தச் சமன்பாடும் இங்கிருந்துதான் வந்தது: ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகக் காற்றழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க 1931-ல் போட்ட கணக்கு.

ஆனால் வந்த வேலை முடிந்ததா? இல்லை. அவருடைய சூத்திரங்கள் சில வருஷம் பொருந்தின, சில வருஷம் கைவிட்டன. அதனால் ஃபோர்காஸ்ட் என்ற சொல்லையே அவர் தவிர்த்தார். வரப்போவதன் நிழல் தெரிகிறது என்ற பொருளில் வேறொரு சொல்லை வைத்துக்கொண்டார். பலகை ஏன் ஆடுகிறது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஓய்வுக்குப் பிறகு லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கே மேகத்தைச் சின்னதாகச் செய்து பார்த்தார். மெல்லிய காற்று அடுக்கு ஒன்றில் புகை விட்டு, அடியில் சூடாக்கினால் அது கட்டம் கட்டமாகப் பிரியும்: சில இடத்தில் காற்று ஏறும், சில இடத்தில் இறங்கும். வானத்தில் ஏறுகிற காற்று குளிர்ந்து, அதிலிருக்கும் ஈரம் தூசியைப் பிடித்துத் துளியாகிறது. இறங்குகிற இடம் வெறும் நீலம். மேல் காற்று வேறு வேகத்தில் நகர்ந்தால் கட்டங்கள் பட்டைகளாகிவிடும். மார்கழிக் காலையில் சேர்வராயன் மலைக்கு மேலே உழுது போட்ட மாதிரி வரிவரியாக மேகம் நிற்குமே, கிட்டத்தட்ட அதுதான்.

1958-ல் வாக்கர் இறந்தார். 1969-ல் பியர்க்னஸ் என்ற நார்வேக்காரர் விடையைச் சொன்னார். இந்தோனேசியா பக்கம் வெதுவெதுப்பான கடலுக்கு மேல் காற்று ஏறி மேகமாகி, மேலே கிழக்கே போய், பெரு பக்கக் குளிர்ந்த கடலில் இறங்குகிறது. கிழக்குக் கடல் சூடாகும் எல் நினோ வருஷத்தில் இந்தச் சுழற்சி தளர்கிறது. அதற்கு வாக்கர் சுழற்சி என்று அவர் பெயரையே வைத்தார்.

1877-ல் பசிபிக்கில் இருந்ததும் பெரிய எல் நினோ என்று இப்போது தெரியும். எல் நினோ தென்மேற்குப் பருவமழையைக் கெடுக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு வரும் வடகிழக்குப் பருவமழையைப் பெரும்பாலும் கூட்டும். 2015-ல் அப்படித்தான், சென்னை மூழ்கியது. 2021-ல் நேரெதிராக லா நினா. அப்பவும் தமிழ்நாட்டில் மழை வழக்கத்தைவிட மிக அதிகம். இந்த இரண்டு வருஷத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க, அவர் ஏன் நிழல் என்றார் என்று புரியும்.