தண்ணீர் பிடிக்காத செடி: லின்னேயஸ் செய்த ஒரு தவறு

சென்ற கோடையில் பூலாம்பாடியில் ஒரு வீட்டுத் திண்ணையில் சின்ன காற்றுச்செடி ஒன்று கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. இலையெல்லாம் சுருண்டு, காய்ந்த வெங்காயத்தாள் மாதிரி ஆகிவிட்டது. இதற்குத் தண்ணீரே வேண்டாம் என்று விற்றவர் சொன்னாராம். அந்த அம்மாவும் இரண்டு மாதமாக ஒரு சொட்டு விடவில்லை. விற்றவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இந்தத் தவறுக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் வயது. செய்தவர் சாதாரண ஆள் இல்லை, கார்ல் லின்னேயஸ்.

இவர் 1707 மே 23 அன்று ஸ்வீடன் நாட்டில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா தேவாலயப் பாதிரியார், தோட்டப் பிரியர். பையனையும் பாதிரியாராக்க நினைத்தார். பள்ளியில் ஆசிரியர்களோ, இவனுக்குப் படிப்பு வராது, ஏதாவது கைத்தொழிலில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ரோத்மன் என்ற உள்ளூர் மருத்துவர்தான் பையனின் செடிப் பைத்தியத்தைப் புரிந்துகொண்டு, தன்னிடம் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

1735இல் ஹாலந்து போய் மருத்துவப் பட்டம் வாங்கினார். அங்கே கிளிஃபோர்டு என்ற செல்வந்தரின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கண்ணாடிக் கூடத்தில் ஒரு வாழை பூக்காமலே நின்றது. லின்னேயஸ் அதை வளமான மண்ணில் வைத்து, சில வாரம் காயப்போட்டு, பிறகு நம் பருவமழை போலத் தண்ணீரைக் கொட்டினார். வாழை பூத்தது. நமக்கு இது செய்தியே இல்லை. அந்தக் குளிர்நாட்டில் அது பெரிய அதிசயம். 1736இல் அந்த ஒரு வாழைக்காகவே ஒரு சிறு நூல் எழுதினார்.

இப்படித் தண்ணீரின் கணக்கு தெரிந்தவர்தான் காற்றுச்செடியில் ஏமாந்தார். தில்லாந்த்ஸ் என்று ஒரு பேராசிரியர் முன்பு இருந்தார். மாணவராக இருந்தபோது கப்பலில் போய்க் கடல் குமட்டலில் மிகவும் அவதிப்பட்டதால், திரும்பும்போது கப்பலே வேண்டாம் என்று வளைகுடாவைச் சுற்றி ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தரைவழியே வந்தார் என்பது கதை. மரத்தில் ஒட்டி வளரும் இந்தச் செடிக்கும் தண்ணீர் ஆகாது என்று நினைத்த லின்னேயஸ், அவர் பெயரால் டில்லாண்ட்சியா என்று பெயரிட்டார். உண்மையில் இதன் இலை மேல் உள்ள சாம்பல் நிறச் செதில்கள்தான் மழையையும் பனியையும் உறிஞ்சுகின்றன. வேர் பிடித்துக்கொள்ள மட்டும்.

1753இல் வந்த அவருடைய பெரிய நூல்தான் இரட்டைப் பெயர் முறையை நிலைநிறுத்தியது. நம் மக்காச்சோளத்துக்கும் வெங்காயத்துக்கும் நாங்கள் எழுதும் அறிவியல் பெயர் அவர் தந்தவை. கொல்லிமலை அன்னாசியும் காற்றுச்செடியின் உறவுதான். புரோமிலியா என்ற இனத்தில் அதைச் சேர்த்தார், பின்னால் வந்தவர்கள் பிரித்தார்கள். அவரிடம் படித்த கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து நம் பகுதிச் செடிகளை ஆராய்ந்தார். கடைசிக் காலத்தில் பக்கவாதம் தாக்கி, லின்னேயஸுக்கு நினைவு போய்விட்டது. 1778 ஜனவரி 10 அன்று இறந்தார்.

சரி, செடிக்கு வருவோம். காற்றுச்செடியை வாரம் ஒரு முறை, கோடையில் இரண்டு முறை, காலையில் 20 நிமிடம் தண்ணீரில் மூழ்க வையுங்கள். எடுத்ததும் தலைகீழாக உதறி, காற்றோட்டத்தில் நான்கு மணி நேரத்துக்குள் காயவிட வேண்டும். குருத்தில் தண்ணீர் நின்றால் அழுகும். உப்பான போர் தண்ணீர் இலையில் வெள்ளையாகப் படியும். மழைநீரைப் பிடித்து வைத்தால் நல்லது. காலை வெயில் போதும், உச்சிவெயில் கூடாது. வயலுக்கு வாங்கிய காப்பர் ஆக்சிகுளோரைடு மீதி இருக்கிறதே என்று இதன் மேல் தெளித்துவிடாதீர்கள். தாமிரம் இந்தக் குடும்பத்துக்கே நஞ்சு.

நட்சத்திரம் போல் படரும் கிரிப்டாந்தஸ் என்ற சின்ன வகைக்கு மட்டும் மண்தொட்டி வேண்டும். தென்னை நார்க்கழிவு, கரித்துண்டு, மணல் சம அளவு போதும். வாழை போலவே இவையும் ஒரு முறை பூத்துவிட்டு, பக்கக்கன்று விட்டு மடியும். கன்று தாயில் பாதி அளவு வந்ததும் பிரிக்கலாம்.

வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினர் பெட்டியில் செடி கொண்டுவருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றும் இல்லாமல் கொண்டுவரக் கூடாது. நடுவில் குவளை போலத் தண்ணீர் தேங்கும் கஸ்மானியா வகை வைத்திருப்பவர்கள், வாரம் ஒரு முறை அந்தத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். டெங்கு கொசு அதில் முட்டையிடும்.