பங்கைக் கணக்கிட்ட அறிஞர் அல் குவாரிஸ்மி

மாங்குளத்திலிருந்து மேற்கே மல்லாவி, துணுக்காய் எனச் செல்லும் பாதையில் உள்ள சிறு கடைகளின் வணிகம் நெடுங்காலமாக ஒரு கணக்குக் கொப்பியை நம்பியே நடந்து வந்துள்ளது. விதைப்புக் காலத்தில் சீனியும் மாவும் தேயிலையும் கடனாகப் பெற்று, நெல் அறுவடையானதும் கணக்குத் தீர்ப்பது விவசாயக் கிராமங்களின் வழக்கம். இன்று அந்தக் கொப்பியின் இடத்தைக் கணினியும் கைத்தொலைபேசியும் பிடித்து வருகின்றன. எந்தப் பொருள் எவ்வளவு விற்கும், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பவற்றை அல்கோரிதம் எனப்படும் கணிப்புமுறைகள் தீர்மானிக்கத் தொடங்கிவிட்டன. இச்சொல் ஒரு மனிதரின் பெயரிலிருந்து பிறந்தது என்பதை நம்மிற் பலர் அறியோம். அவரே முஹம்மத் இப்னு மூஸா அல் குவாரிஸ்மி.

கி.பி. 780 அளவில் பிறந்து 850 அளவில் மறைந்தவர் எனக் கருதப்படும் இவ்வறிஞரின் பெயர், ஆரல் கடலுக்குத் தெற்கேயுள்ள குவாரிஸ்ம் பிரதேசத்தைச் சுட்டுகின்றது. அவர் வாழ்ந்து பணியாற்றிய நகரம் பக்தாத். 762இல் கலீபா மன்சூர் நிறுவிய அந்நகரம், அரை நூற்றாண்டுக்குள் சீனம் முதல் மத்தியதரைக் கடல் வரையிலான வணிகத்தின் சந்தியாகியிருந்தது. 813 முதல் 833 வரை ஆட்சி செய்த கலீபா மஃமூனின் ஆதரவில், பைத்துல் ஹிக்மா எனப்பட்ட அறிவில்லத்தோடு இணைந்து கிரேக்க, இந்திய, பாரசீக அறிவுச் செல்வங்களை அரபு மொழிக்குள் கொண்டுவந்த அறிஞர் குழாத்தில் அவரும் ஒருவர்.

இந்தியாவில் 628இல் பிரம்மகுப்தர் இயற்றிய வானியல் நூலின் வழிவந்த அட்டவணைகளை ஆதாரமாகக் கொண்டு அவர் ஒரு வானியல் நூலை ஆக்கினார். இந்திய இலக்கங்களைக் கொண்டு கணக்கிடும் முறையை விளக்கித் தனியொரு நூலும் எழுதினார். ஒன்பது இலக்கங்களும் பூச்சியமும் இருந்தால் எந்தப் பெரிய தொகையையும் எழுதலாம் என்பது இன்று சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால், நமது முன்னோரின் ஏடுகளில்கூடப் பத்து, நூறு, ஆயிரம் என்பவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் இருந்தன. இலக்கம் நிற்கும் இடமே அதன் பெறுமதியைத் தீர்மானிக்கும் முறை பரவியதன் பின்னரே, பெருந்தொகைகளைத் தாளில் எழுதிப் படிப்படியாகக் கூட்டிப் பெருக்குவது எவருக்கும் கைகூடியது.

அவரது பெயரை நிலைநிறுத்திய மற்றொரு நூல், அல் ஜப்ர் வல் முகாபலா பற்றியதாகும். நாம் அட்சரகணிதம் என்று அழைக்கும் துறைக்கு உலக மொழிகளில் வழங்கும் அல்ஜிப்ரா என்ற பெயர் அதன் தலைப்பிலிருந்தே வந்தது. சொத்துப் பங்கீடு, வழக்கு, வணிகம், காணி அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு நாளாந்தம் தேவைப்படும் கணக்கைச் சொல்வதே தமது நோக்கம் என அவர் அதன் முன்னுரையிற் தெளிவுபடுத்தினார். நூலின் பாதியளவை வாரிசுரிமைக் கணக்குகளே நிரப்புகின்றன.

அவற்றுள் ஒன்று இது. ஒரு பெண் கணவனையும் ஒரு மகனையும் மூன்று மகள்மாரையும் விட்டு இறக்கிறாள். சொத்தில் எட்டில் ஒரு பங்கையும் ஏழில் ஒரு பங்கையும் உறவினர் அல்லாத ஒருவருக்கு மரணசாசனமாக எழுதியிருக்கிறாள். சொத்தை 1120 கூறுகளாக்கினால், வெளியாருக்கு 300, கணவனுக்கு 205, மகனுக்கு 246, மகள்மார் ஒவ்வொருவருக்கும் 123 என ஒரு கூறும் மிஞ்சாமல் பிரிகின்றது. குறியீடுகள் எவையுமின்றி, ஒவ்வொரு படியையும் அவர் சொற்களாலேயே விளக்கினார். வாரிசு ஒருவர் தமக்குக் கிடைத்த பங்கு சரியானதா என்று தாமே சரிபார்க்கக்கூடிய வகையில் அந்தக் கணக்கு திறந்து கிடந்தது. அவரது அறிவின் அறம் இதிலேயே தங்கியிருக்கிறது என்பது நமது எண்ணம்.

தரவுகளைத் திரட்டி ஒழுங்குபடுத்துவதிலும் அவர் முன்னோடியாவார். பூமியின் தோற்றம் பற்றிய நூலில் நகரங்கள், மலைகள், கடல்கள், தீவுகள், ஆறுகள் என 2,402 இடங்களின் அமைவை அட்டவணைப்படுத்தினார். கிரேக்க அறிஞர் தொலமி அளவுக்கு மீறி நீட்டியிருந்த மத்தியதரைக் கடலின் நீளம் அதிலே திருத்தப்பட்டது. பெரியவர் சொன்னது என்பதற்காகப் பிழையான தரவை அப்படியே விட்டுவைக்காத பண்பு அது.

கணிப்புக்கும் எல்லையுண்டு என்பதை உணர்த்தும் செய்தியொன்று வரலாற்றாசிரியர் தபரியின் நூலில் உள்ளது. கலீபா வாதிக் நோயுற்றிருந்தபோது, அழைக்கப்பட்ட வானியலாளர்கள் அவர் இன்னும் 50 ஆண்டுகள் வாழ்வார் என்று கணித்தனராம். அவரோ பத்தே நாட்களில், 847இல் இறந்தார். அவ்வானியலாளர்களின் பட்டியலில் அல் குவாரிஸ்மியின் பெயரும் காணப்படுகின்றது.

12ஆம் நூற்றாண்டில் அவரது நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டன. அங்கே அவரது பெயர் அல்கோரித்மி எனத் திரிந்து, பின்னர் கணக்கிடும் முறையின் பெயராகவே மாறியது. வட ஆபிரிக்கத் துறைமுகமொன்றில் இந்தக் கணக்கைக் கற்ற பிபனாச்சி, 1202இல் அதனை இத்தாலிய வணிகருக்கு எடுத்துச் சென்றார். எனினும், 1299இல் புளோரன்ஸ் நகரின் நாணயமாற்றுவோர் சங்கம் கணக்கேடுகளில் இவ்விலக்கங்களை எழுதுவதைத் தடைசெய்தது. இலக்கங்களை எளிதில் திருத்திவிடலாம் என்ற அச்சமும் இதற்கொரு காரணமாகக் கூறப்படுகிறது. புதிய கருவி வரும்போது அதனை யார் திருத்துவார், யார் காப்பார் என்ற ஐயம் அன்றும் இருந்தது.

இன்றும் கேள்வி அதுவே. பேரங்காடியில் பட்டைக்குறியை வருடும் கணமே விலை பதிவாகிறது, இருப்புக் குறைகிறது, அடுத்த கொள்வனவுக்கான கணிப்புப் பிறக்கிறது. வாடிக்கையாளர் அட்டையையோ தொலைபேசி இலக்கத்தையோ கொடுத்துவிட்டால், யார் எதை, எப்போது, எவ்வளவு வாங்கினார் என்பதும் நிறுவனத்தின் களஞ்சியத்துக்குள் சென்றுவிடுகின்றது. இதனால் பொருள்கள் வீணாவது குறையும், விலையும் குறையலாம். ஆனால், கிராமத்துக் கொப்பியில் தமது பெயருக்கு நேரே எழுதப்பட்டதை விவசாயி எட்டிப் பார்க்க முடிந்தது. தொலைவில் உள்ள கணினியில் தம்மைப் பற்றி எழுதப்பட்டதை அவர் பார்க்க முடிவதில்லை.

பதிவு என்பது எவ்வளவு பெறுமதியானது என்பதை வன்னி மண் நன்கறியும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த தமிழ் மக்களும் வீடு, கடைகளோடு காணி உறுதிகளையும் கணக்கேடுகளையும் இழந்தனர். ஏடு போனால் உரிமையை நிரூபிப்பதும் கடினமாகிறது. 2022இல் எரிபொருளுக்கு கியூ.ஆர். குறியீடு வந்தபோதோ, ஒரு தரவுத்தளத்தில் பெயர் இருப்பதும் இல்லாததும் உழவு இயந்திரம் ஓடுவதைத் தீர்மானித்தன.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தவும், இயந்திரம் தானாக எடுத்த தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கோரவும் வழிசெய்துள்ளது. அது முழுமையாக நடைமுறைக்கு வருவதில் ஏற்பட்ட தாமதம் வருந்தத்தக்கது. சட்டம் செயற்படுவதோடு, அந்த உரிமைகள் தமிழிலும் எளிய மொழியில் கிராமங்களைச் சென்றடைதல் வேண்டும். கடன் மறுக்கப்பட்ட துணுக்காய் விவசாயிக்கு ஏன் மறுக்கப்பட்டது என்பதைக் காட்ட இயலாத கணிப்பு, அல் குவாரிஸ்மியின் பெயரைத் தாங்கியிருக்கலாம். அவரது வழியில் வந்ததாகாது.