தேவி பிரசாத் ராய் சௌத்ரி

தேவி பிரசாத் ராய் சௌத்ரி (சூன் 15, 1899 - அக்டோபர் 15, 1975) ஓர் இந்தியச் சிற்பியும் ஓவியரும் ஆவார். சென்னை மெரீனா கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலை இவரது படைப்பாகும். சிலையை அறிந்த அளவிற்கு இவரது பெயர் தமிழகத்தில் அறியப்படவில்லை.

வாழ்க்கை

தற்போது வங்காளதேசத்தில் உள்ள ரங்க்பூரில் பிறந்தார். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றார். வண்ணம் தீட்டிய தாளை மீண்டும் மீண்டும் நீரில் நனைத்து நிறங்களை மங்கச் செய்யும் நீர்வண்ண முறை அப்பள்ளியின் அடையாளம். பின்னர் இரண்மய ராய் சௌத்ரியிடம் சிற்பம் பயின்றார். 1929 இல் சென்னை கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் ஆனார். அங்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். கே. சி. எஸ். பணிக்கர், எஸ். தனபால் ஆகியோர் இவரது மாணவர்கள்.

சிற்பங்கள்

தொடக்கத்தில் ஆங்கில அதிகாரிகள், பிரமுகர்கள் ஆகியோரின் உருவச் சிலைகளைச் செய்தார். கொல்கத்தாவிலுள்ள அசுதோசு முகர்ஜி, சுரேந்திரநாத் பானர்ஜி சிலைகள் இவருடையவை. ஆனால் இவரது கை முழு வலிமையுடன் வெளிப்பட்டது பெயரற்ற மனிதர்களை வடித்தபோதுதான். பஞ்சத்தில் வாடியோரையும் குளிரில் ஒடுங்கிய முதியோரையும் 1950களில் வெண்கலத்தில் வார்த்தார்.

தமிழகத்துச் சிற்பிகள் தாள அளவுகளின்படி மெழுகில் உருவம் செய்து உலோகம் வார்ப்பர். இவரோ எதிரே நிற்கும் மனிதரைப் பார்த்துக் களிமண்ணில் உருவாக்கினார். அதன் அச்சிலிருந்தே வெண்கலம் வார்க்கப்பட்டது. பிரெஞ்சுச் சிற்பி ரோதினின் தாக்கத்தால் மேற்பரப்பை வழவழப்பாக்காமல் விட்டார். நீர்வண்ணத்தில் கரைந்துபோன உடலின் கனம் இங்கே நரம்பும் தசையுமாகத் திரும்பி வந்தது எனலாம்.

1942 ஆகத்து 11 அன்று பாட்னா தலைமைச் செயலகத்தில் கொடியேற்றச் சென்று சுடப்பட்ட ஏழு மாணவர்களின் நினைவுச்சின்னம் 1956 இல் திறக்கப்பட்டது. பெரும் பாறையொன்றைப் பெயர்க்க முயலும் நான்கு தொழிலாளர்களைக் காட்டும் உழைப்பாளர் சிலை 1959 குடியரசு நாளுக்கு முந்தைய நாளன்று நிறுவப்பட்டது. இந்தியாவின் முதல் மே நாள் கூட்டங்களுள் ஒன்றை 1923 இல் சிங்காரவேலர் நடத்தியதும் இதே கடற்கரையில்தான். மெரீனாவின் காந்தி சிலையும் இவர் செய்ததே. அதுவும் 1959 இல் திறக்கப்பட்டது.

விருதுகள்

1954 இல் லலித் கலா அகாதமியின் முதல் தலைவரானார். 1958 இல் பத்ம பூசண் விருது பெற்றார்.

இறுதிப் படைப்பு

தண்டி யாத்திரையைச் சித்தரிக்கும், பதினொரு உருவங்கள் கொண்ட தில்லியின் 'கியாரா மூர்த்தி' இவரது மறைவுக்குப் பின்னரே நிறுவப்பட்டது. 2016 இல் செல்லாததாக்கப்பட்ட 500 ரூபாய்த் தாளின் பின்புறம் இருந்தது இச்சிற்பமே.