கணக்கும் ஒரு கைவிளக்கே

கைவிளக்கேந்திய காரிகை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுபவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். அவர் ஏந்திய மற்றொரு விளக்கைப் பலர் அறியார். அதுதான் கணக்கு!

1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், செல்வமிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே கணிதத்தில் பேரார்வம் கொண்டிருந்தார். செவிலியராக விரும்பியபோது குடும்பத்தார் எதிர்த்தனர். அவர் மனம் தளரவில்லை.

1854இல் கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களைப் பேண, 38 பெண்களுடன் துருக்கியிலுள்ள ஸ்குடாரிக்குச் சென்றார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர். பெர்மாண்ட்சி மடத்தின் தலைவி மேரி கிளேர் மூர் அன்னையார் அவருக்கு உற்ற தோழியானார்.

1855 பிப்ரவரியில் அங்குச் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் மாண்டனர். மார்ச் முதல் சாக்கடைகள் துப்புரவாக்கப்பட்டன. ஜூன் மாதம் அது நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது! பற்றாக்குறையே சாவுக்குப் பெருங்காரணம் என முதலில் எண்ணியிருந்த அம்மையார், போருக்குப் பின் கணக்குகளை ஆராய்ந்து, அசுத்தமே பெரும் எதிரி எனத் தெளிந்தார். தம் கருத்தை மாற்றிக்கொள்ள அவர் தயங்கவில்லை.

ஆனால் நீண்ட பட்டியல்களை அமைச்சர்கள் படிப்பார்களா? எனவே 1858இல் வட்டமான படமொன்றை வெளியிட்டார். மாதத்திற்கு ஒன்றாகப் பன்னிரண்டு பிரிவுகள்; தடுக்கக்கூடிய நோய்க்கு நீலம், காயத்திற்குச் சிவப்பு, பிறவற்றிற்குக் கறுப்பு. நீலமே எங்கும் பரந்து நின்றது. பகைவரின் குண்டைவிட நோயே மிகுதியாகக் கொன்றது என்பதை ஒரே பார்வையில் யாவரும் உணர்ந்தனர்.

அமைதிக் காலத்திலும் வீரர்கள் மிகுதியாக மடிவதை அவர் காட்டினார். முதியோரும் குழந்தைகளும் அடங்கிய மக்கள்தொகை முழுவதோடு இளம் வீரர்களை ஒப்பிட்டால் உண்மை மறைந்துவிடும். ஆகவே அதே வயதுடைய பொதுமக்களோடு ஒப்பிட்டார். உடல்நலம் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்களோ ஏறத்தாழ இருமடங்கு இறந்தனர்! படைவீடுகளும் மருத்துவமனைகளும் சீர்பெற இக்கணக்குகள் வழிவகுத்தன.

1858இல் லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார். 1910 ஆகஸ்ட் 13இல் இறைவனடி சேர்ந்தார்.

அன்புத் தோழியரே! கணக்கு வறண்ட பாடம் என்று இனியும் சொல்லலாமா? ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு தாயின் மகன் இருந்தான் என்பதை அம்மையார் மறக்கவில்லை. இரண்டை ஒப்பிடுமுன் அவை ஒப்பிடத் தக்கவையா என ஆராய்வோம். கண்ட உண்மையைப் பிறருக்குப் புரியும்படி எடுத்துரைப்போம். அதுவும் ஒரு தொண்டே.